வெயில் காலத்தில் வளர்ப்பு நாய்

பங்குனி பிறந்ததும் பிள்ளைப்பாக்கத்தில் வெயில் கடுமையாகிறது. நாய்க்கு மனிதரைப்போல உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே அது வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே, ஷிப்டு வேலைக்குச் செல்வோர் அதனைத் தகரக் கூரையின்கீழ்க் கட்டிவிட்டுச் செல்லலாகாது. நிழலும் காற்றோட்டமும் குடிநீரும் இன்றியமையாதவை. நாய் இடைவிடாது இரைத்துத் தள்ளாடினால், உடலைத் தண்ணீரால் நனைத்து, விசிறியபடியே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

துன்புறும் நாய் தன்னை வளர்ப்பவரையும் கடிக்கக்கூடும். கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் தடவ வேண்டாம். ரேபிஸ் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைப்பது மிக அரிது. காலத்தே போடும் தடுப்பூசியே காக்கும். நாய்க்கும் ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி போடுங்கள்.