ஒட்டு, தை, தீட்டு! திருவண்ணாமலையின் நோட்டுப் புத்தக அதிசயங்கள் தெரியுமா?

திருடர்கள் இருவரைக் கடித்துக் காவல் நின்ற ஒரு நாயின் பெயர், 1,400 ஆண்டுகள் கழித்தும் நம்மிடம் இருக்கிறது, தெரியுமா? அதன் பெயர் கோவிவன்! திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர் நடுகல்லில் அந்தப் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி மடிந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக நட்ட கல் அது. வீரன் ஆயுதத்தோடு நிற்கிறான், அவனோடு நாயும் நிற்கிறது, வட்டெழுத்தில் செய்தி ஓடுகிறது, மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு என்ற காலக் குறிப்பும் இருக்கிறது. தேதி, படம், நான்கு வரிச் செய்தி, கூடவே செல்ல நாய்! இன்று ஜர்னல் எழுதுகிறவர்கள் ஒரு பக்கத்தில் வைக்க ஆசைப்படும் அத்தனையும் ஒரே கல்லில் வந்துவிட்டன.

செங்கம் வட்டாரத்தில் இப்படிப்பட்ட கற்கள் ஏராளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனிப் புத்தகமே போட்டது. இன்னொரு வியப்பு: எந்த அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லிக் கோவிவனைச் செதுக்கினார்களோ, அந்த மகேந்திரவர்மனே ஓவியன்தான். ‘சித்திரகாரப் புலி’ என்பது அவன் சூடிக்கொண்ட பட்டங்களில் ஒன்று! அவன் குடைவித்த சீயமங்கலம் குகைக்கோயில் இதே மாவட்டத்தில், வந்தவாசிப் பக்கம் இருக்கிறது.

இன்று இணையத்தில் ஜப்பான் வாஷி டேப்பும் பளபள ஸ்டிக்கரும் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன. வாங்குகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவை அழகானவைதான். ஆனால் திருவண்ணாமலையில் உட்கார்ந்து நோட்டை அலங்கரிக்கிற ஒருவருக்கு மையும் நிறமும் பசையும் கட்டமைப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன என்று தெரிந்தால், அந்தப் பெட்டியைப் பிரிக்கவே நேரம் இருக்காது!

மையிலிருந்து தொடங்குவோம். கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயர மலை உச்சியில் ஏற்றும் மகாதீபத்தைத் தெரியாதவர் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோ நெய், ஆயிரம் மீட்டர் அளவுக்குக் காடாத் துணித் திரி, தாமிரக் கொப்பரை, பதினொரு நாள் சுடர். அந்தச் சுடர் அடங்கிய பிறகு கொப்பரையில் என்ன மிஞ்சுகிறது தெரியுமா? மை! கொப்பரையைக் கீழே இறக்கி, அந்தத் தீப மையை ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தி, பிறகு பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். நெற்றியில் இடுகிற அந்தக் கறுப்பு, வேதியியல்படி தூய கரிக்கு மிக நெருங்கிய பொருள். சீனாவின் மைக்கட்டியும் எகிப்தியர்கள் பாப்பிரஸ் தாளில் எழுதிய மையும் இதே குடும்பம்தான். கரி வெளிச்சத்தில் வெளுக்காது, காற்றோடு கலந்து நிறம் மாறாது. அதனால்தான் மூவாயிரம் ஆண்டுப் பழைய எழுத்தும் இன்னும் கறுப்பாக நிற்கிறது!

பிரசாத மை நெற்றிக்கு உரியது, அது அங்கேயே இருக்கட்டும். நோட்டுக்கு வேண்டியதை வீட்டிலேயே பிடிக்கலாம். நல்லெண்ணெய் விளக்குச் சுடருக்கு மேலே ஒரு மண் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தால் புகை படியும். அதைச் சுரண்டி நேரே தண்ணீரில் போட்டால் ஒட்டாமல் மிதந்துகொண்டே இருக்கும், இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். முதலில் வேலம் பிசினைக் கரைத்துக் கெட்டியாக வைத்துக்கொண்டு, அதில் புகைக்கரியை விட்டு நிதானமாக அரைக்க வேண்டும். அப்புறம் தண்ணீர். அரைக்க அரைக்க மை மென்மையாகும், தூரிகை வழுக்கிக்கொண்டு ஓடும். பனையோலைச் சுவடி எழுதியவர்களும் இந்தப் புகைக்கரியைத்தான் நம்பினார்கள். எழுத்தாணியால் கீறினால் ஓலையில் எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கரியைத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கி, எழுத்து பளிச்சென்று எழும். கெட்டி அட்டையில் ஊசியால் கீறி, கரி தடவித் துடைத்துப் பாருங்கள், அதே மாயம் உங்கள் பக்கத்திலும் நடக்கும்!

இன்னொரு கறுப்பு ஜவ்வாது மலையில் காய்க்கிறது, தெரியுமா? கடுக்காய்! மலைக்கிராம மக்கள் பொறுக்கிக் கொண்டுவரும் கடுக்காயின் தோலில் துவர்ப்புச் சத்து மண்டிக் கிடக்கிறது. அது இரும்பைச் சந்தித்தால் போதும், கறுத்துவிடும். ஐரோப்பாவில் ஓக் மரக் கட்டியையும் இரும்பு உப்பையும் கலந்து நூற்றாண்டுக் கணக்கில் எழுதினார்களே, அதே வினைதான் இது. கலம்காரி வரைகிறவர்கள் இதை ஒரு வித்தையாகவே மாற்றிவிட்டார்கள். துணியைக் கடுக்காய் நீரில் நனைத்து உலர்த்துவார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் ஊறவைத்த நீரால் அதன்மேல் கோடு இழுப்பார்கள். கோடு போட்ட இடம் கண்ணெதிரே கறுக்கும்! தாளிலும் இது நடக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: இரும்பு மை காலப்போக்கில் தாளை அரிக்கும், ஐரோப்பிய ஆவணக் காப்பகங்கள் இன்றும் அதோடுதான் மல்லுக்கட்டுகின்றன. பாதுகாக்க வேண்டிய செய்திக்குக் கரி மை, அலங்காரத்துக்குக் கடுக்காய் மை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு வேண்டுமா? ஆரத்தித் தட்டைப் பாருங்கள். மஞ்சளில் இருக்கும் குர்க்குமின், காரப்பொருள் பட்டதும் சிவக்கும். அதனால்தான் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் குருதிச் சிவப்பு. தாள் முழுக்க மஞ்சள் கரைசலைப் பூசி உலரவிட்டு, சுண்ணாம்புத் தெளிநீரில் தூரிகையைத் தோய்த்து எழுதினால், தண்ணீரால் எழுதியது போலிருந்த எழுத்து மறு நொடி செக்கச் சிவந்து நிற்கும்! அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் அந்த இடம் மட்டும் மறுபடி மஞ்சள். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் மூடிய நோட்டுக்குள் வெயில் ஏது?

இனி நான் அதிகம் பேச ஆசைப்படும் இடத்துக்கு வருகிறேன். ரமண மகரிஷி புத்தகம் பைண்டு செய்வார், தெரியுமா?

1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதில் அருணாசலம் வந்து சேர்ந்தவர், 1950 ஏப்ரல் 14 வரை இந்த ஊரை விட்டு நீங்கவில்லை. அவர் கைகள் ஓயாமல் எதையாவது செய்துகொண்டே இருந்தன. இலை தைத்தார், காய் நறுக்கினார், கொட்டாங்கச்சியைத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணமும் கரண்டியும் ஆக்கினார், முள்ளுக் கம்பைச் செதுக்கி வழவழப்பான கைத்தடியாக்கி ஓர் ஆட்டிடையனிடம் கொடுத்தார். தாள் விஷயத்தில் அவர் காட்டிய அக்கறை இன்னும் ஆச்சரியம். ஒரு பக்கம் வெற்றாக வந்த தாளை வீசமாட்டார், எடுத்துச் சேர்த்து நோட்டாகத் தைப்பார். தபாலில் வரும் குண்டூசியைக்கூடப் பத்திரப்படுத்துவார். பிரிந்துபோன புத்தகத்துக்குப் புது உறை போட்டு ஒட்டுவார். தமிழ், தெலுங்கு, மலையாளம், சமஸ்கிருதம் என்று நான்கு மொழிகளிலும் அச்சுக் கோத்தது போன்ற கையெழுத்து வேறு! அருணாசல மலையின் வடிவத்தையும் தம் கையாலேயே கோட்டுப் படமாக வரைந்திருக்கிறார்.

அவரைச் சுற்றி நாட்குறிப்பு எழுதியவர்களின் வரிசையைக் கேளுங்கள். முனகால வெங்கடராமையா 1935 முதல் 1939 வரை நடந்த உரையாடல்களைக் குறித்தார். தேவராஜ முதலியார் 1945 முதல் நாள்தோறும் எழுதினார். சூரி நாகம்மா தன் அண்ணனுக்குத் தெலுங்கில் கடிதம் கடிதமாக எழுதினார், அந்தக் கடிதங்களே ஆசிரம வாழ்வின் பதிவாயின. எல்லாவற்றுக்கும் முன்னால், 1902 வாக்கில், பேசாமல் இருந்த இளம் ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை கேள்விகள் கேட்டார். பதில் எங்கே எழுதப்பட்டது தெரியுமா? மணலில்! சிலேட்டில்! கிடைத்த தாளில்! அழிந்துபோயிருக்க வேண்டிய அந்தப் பதில்கள்தாம் பின்னாளில் ‘நான் யார்?’ என்ற நூலாக உலகம் சுற்றின. ஒரு மனிதர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருபக்கத் தாள்களில் நோட்டுத் தைப்பது கடினமே இல்லை. எழுதிய பக்கம் உள்ளே போகும்படி ஒவ்வொரு தாளையும் மடித்து, மடிப்புகளை வெளிப்பக்கம் வைத்து அடுக்குங்கள். திறந்த விளிம்புகளை ஒட்டி மூன்று துளை போட்டு, நடுத் துளையில் ஊசியை நுழைத்து, மேல் துளை, கீழ்த் துளை என்று போய் மீண்டும் நடுவில் வந்து முடிச்சிட்டால் புத்தகம்! பழைய எழுத்தெல்லாம் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ள, வெளியே வெள்ளைப் பக்கங்கள் மட்டும் புரளும். முதுகுக்கு ஒட்டுத்துணி வேண்டுமென்றால் ஆரணி இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் ஓரத்துணி இரண்டு விரல் அகலம் கிடைத்தால்கூட ஒரு நோட்டின் முதுகு மின்னும். கெட்டியான தாள் தேடுகிறவர்களுக்குப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் பட்டறை 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து தாள் செய்கிறது. மரக்கூழ் இல்லை, துணி! அதனால்தான் அந்தத் தாள் ஈரத்தையும் பசையையும் தாங்குகிறது.

பசை என்றதும் தஞ்சாவூர் ஓவியம் நினைவுக்கு வர வேண்டும். பலாப் பலகை, அதன்மேல் துணி, புளியங்கொட்டைப் பசை, சுக்கான் பொடியில் எழுப்பும் மக்கு வேலை, அதில் பதிக்கும் கற்கள், மேலே தங்க ரேக்கு, கடைசியில் வண்ணம். மிக்ஸட் மீடியா என்று இன்று வகுப்பெடுக்கிறார்களே, தஞ்சாவூரில் நூற்றாண்டுகளாக அதுதான் தொழில்! புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் பசை தயார். பூச்சி வராமலிருக்கப் பழைய பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். மக்கு வேலையை நோட்டுப் பக்கத்தில் நேரே செய்தால், பக்கம் வளையும்போது விரிசல் விடும். தனி அட்டையில் செய்து உலர்த்தி, பிறகு ஒட்டுங்கள்.

பூவை ஒட்டுகிறவர்களுக்கு ஒரு கொசுறு: இங்கிலாந்தில் மேரி டெலானி என்ற பெண்மணி வண்ணத்தாளை வெட்டி ஒட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கியது 1772-இல், தம் 72-ஆம் வயதில்! ஆயிரத்துக்குச் சற்றே குறைவான பூக்கள், இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்.

போளூர்ப் பக்கம் திருமலைக்குப் போயிருக்கிறீர்களா? ராஜராஜனின் அக்கா குந்தவையின் பெயரால் அங்கே ஒரு ஜினாலயம், மலையில் சுமார் 16 அடி உயர நேமிநாதர், உள்ளே பழைய சமண ஓவியங்கள். அவற்றில் வட்டத்துக்குள் வட்டமாக, அறை அறையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உருவங்கள் வைத்த சக்கரம் ஒன்று உண்டு. பன்னிரண்டு மாதத்தை ஒரே பக்கத்தில் வரைய இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

பக்க ஓரத்துக்குச் சிக்குக் கோலம் போடுகிறவர்களே, உங்கள் கை போடும் கோடு கணினி அறிவியல் ஆய்வுக்குள் நுழைந்துவிட்டது, தெரியுமா? 1974-இல் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் மூவரும் சென்னையிலிருந்து கோலத்தையும் வரிசை இலக்கணங்களையும் இணைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மார்கழி விடியலில் பெண்கள் நினைவிலிருந்து போடும் சுழிகளுக்குள் ஒரு மொழி இலக்கணமே இருக்கிறது!

எழுத்தையே படமாக்கும் வித்தைக்குத் திருவண்ணாமலைக்காரர் ஒருவரைத்தான் கேட்க வேண்டும். அருணகிரிநாதர்! கிளி கோபுரத்தோடு சேர்த்து ஊர் நினைவில் வைத்திருக்கும் அவர், சுவாமிமலை முருகன்மேல் ஒரு திருவெழுகூற்றிருக்கை பாடியிருக்கிறார். எண்கள் ஏறி இறங்கும் பாட்டு அது: 1, 2, 1 என்று போய், அடுத்து 1, 2, 3, 2, 1 என்று வளர்ந்து, ஏழு வரை ஏறித் திரும்பும். எண் வரும் சொற்களைக் கட்டம் கட்டமாக எழுதினால் தேர் எழுகிறது, இதைத்தான் ரதபந்தம் என்பார்கள். ஒரு கட்டக்கோடு நோட்டை எடுங்கள். உச்சியில் மூன்று கட்டம், கீழே ஐந்து, பிறகு ஏழு, ஒன்பது, பதினொன்று, கடைசியில் பதின்மூன்று. ஒவ்வொரு அடுக்கையும் நடுவுக்கு நடு சரியாக வையுங்கள். எண்களை முதலில் பென்சிலால் நிரப்பிச் சரிபார்த்துக்கொண்டு, பிறகு உங்கள் வாரத்தின் செய்திகளைக் கட்டத்துக்கொன்றாகக் கரி மையில் எழுதுங்கள். அடியில் இரண்டு சக்கரம் வரைய இடம் விட மறக்காதீர்கள்!