கொத்து காத்திருக்காது! கம்பம் திராட்சைத் தோட்டச் சுற்றுலாவைக் குழப்பும் வானிலை

நந்தனம், சைதாப்பேட்டை, தி.நகர் பக்கம் தள்ளுவண்டிகளில் கருநீலமாகக் குவித்து வைத்திருக்கும் பன்னீர் திராட்சையைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். விதை இருக்கும், தோலும் கொஞ்சம் தடிமன். ஆனாலும் அந்த மணத்துக்காகவே தேடி வாங்குகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அந்தப் பழத்தின் தாய்வீடு, தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு ஜூன் மாதம், சென்னை சென்ட்ரலில் இருந்து மதுரை வரை ஓடிக்கொண்டிருந்த ரயில் போடிநாயக்கனூர் வரை நீட்டிக்கப்பட்டது. ராத்திரி ஏறினால் காலையில் தேனி. அங்கிருந்து கம்பத்துக்கு பஸ்.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பந்தல்தான். தலைக்கு மேலே கொத்துகள் தொங்க, கீழே நின்று போட்டோ எடுப்பதற்காகவே குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தேக்கடி வரை வந்த கேரளப் பயணிகள் குமுளி மலை இறங்கித் தோட்டத்தைப் பார்த்து, நாலைந்து கிலோ வாங்கிக்கொண்டு திரும்புவதும் வழக்கம். இடைத்தரகர் இல்லாமல் விவசாயியின் கைக்கு நேராக வரும் காசு அது.

எப்போது போகலாம்? 'எப்போது வேண்டுமானாலும்' என்பதுதான் கம்பத்தின் பெருமை. குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கிவிடும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. நம் ஊர் வெப்பத்தில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. எப்போது கவாத்து செய்கிறோமோ, அப்போதிலிருந்து கணக்கு. டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல், மே மாதங்களில் பழம். மே, ஜூனில் செய்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் பழம். ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு நாளில் கவாத்து செய்வதால், பள்ளத்தாக்கில் எங்கேயாவது ஒரு பந்தலில் பழம் இருந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கணக்கைத்தான் மழை குலைக்கிறது.

பழுக்கும் நேரத்தில் பெருமழை பெய்தால், திராட்சை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு தோல் வெடித்துவிடும். வெடித்த பழத்தில் பூஞ்சை ஏறும், எறும்பும் தேனீயும் மொய்க்கும். ஒரு கொத்தில் நாலு பழம் வெடித்தாலும் மொத்தக் கொத்தின் விலையும் போச்சு. பூக்கும் நேரத்தில் மழை என்றால் அடிச்சாம்பல் நோய். மழையே இல்லாமல் வெயில் மட்டும் கூடினாலும் சிக்கல்தான். இரவிலும் வெக்கை குறையாவிட்டால் கறுப்புத் திராட்சைக்கு நிறம் சரியாக ஏறாது. சர்க்கரை சீக்கிரம் ஏறிவிடும், புளிப்பு இறங்கிவிடும். கடித்தால் வெறும் இனிப்பு.

காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவிகிதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பது இயற்பியல். எந்த ஒரு மழையையும் காட்டி 'இது பருவநிலை மாற்றம்தான்' என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டும் நாள்கள் கூடும் என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்காக மூணாறு காத்திருந்த நேரம் அது. பாதைகள் துண்டிக்கப்பட்டன, முல்லைப் பெரியாறு அணை 142 அடியைத் தொட்டது. தேக்கடிக்கே ஆள் வராதபோது, மலை இறங்கிக் கம்பத்துக்கு யார் வருவார்கள்? ஆகஸ்ட் என்பது இங்கே பழம் பறிக்கும் மாதமும்கூட.

நாசிக் முதல் நாபா வரை

ஒயின் என்றதும் நமக்கு டாஸ்மாக் வாசல்தான் ஞாபகம் வரும். ஆனால், மகாராஷ்டிராவின் நாசிக்கில் அது ஒரு சுற்றுலாத் தொழில். சுலா நிறுவனம் 2005-ல் அங்கே சுவைக்கூடம் திறந்தது; 2008-ல் இசை விழா தொடங்கியது. அறுவடை நடக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை திராட்சையைக் காலால் மிதிக்கக் கூட்டம் வரும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் முன்பே அறை புக் செய்கிறார்கள். கொடிக்கு அந்தத் தேதி தெரியாதே! அக்டோபரில் கவாத்து செய்து, பிஞ்சு பிடித்திருந்த நேரத்தில், 2023 நவம்பர் கடைசியில் நாசிக் மாவட்டத்தில் ஆலங்கட்டி மழை பெய்தது. பல திராட்சைத் தோட்டங்கள் நாசமாகின.

தேதி தவறுவது அங்கே மட்டுமல்ல. பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் 1354-ல் தொடங்கும் அறுவடைத் தேதிக் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்தவர்கள், 1988-க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முன்னால் வந்துவிட்டதைக் கண்டார்கள். செப்டம்பர் கடைசியில் லீவு போட்டுப் போகிறவர் பறித்து முடித்த தோட்டத்தைத்தான் பார்ப்பார். அமெரிக்காவின் நாபா பள்ளத்தாக்கில் 2020 செப்டம்பரில், சரியாக அறுவடைக் காலத்தில், காட்டுத்தீ புகுந்து மெடோவுட் என்ற புகழ்பெற்ற விடுதியின் பெரும்பகுதியை எரித்தது. ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கை 2021 ஜூலை வெள்ளம் புரட்டிப்போட்டது. சேறு படிந்த பாட்டில்களைக் கழுவாமல் அப்படியே விற்று நிவாரண நிதி திரட்டினார்கள்.

2024 மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வு, புவி வெப்பம் 2 டிகிரியைத் தாண்டினால் ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், தெற்கு கலிஃபோர்னியாவின் கடலோர, தாழ்நில ஒயின் பகுதிகளில் சுமார் 90 சதவிகிதம் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் அழியும் ஆபத்து உண்டு என்கிறது. ஒருவர் நஷ்டம் இன்னொருவருக்கு லாபம் என்பதுபோல, குளிரான இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிரான்ஸின் டைட்டாஞ்சே நிறுவனம் 2017-ல் கொடி நட்டிருக்கிறது.

பெரிய நிறுவனங்களுக்கு இன்னொரு ஊர் இருக்கிறது. பழம் கெட்டாலும் விடுதி வாடகையும் சாப்பாட்டுக்கடையும் கொஞ்சமாவது தாங்கும். சுருளிப்பட்டியில் பந்தல் போட்ட விவசாயிக்கு அந்தக் கொத்துதான் எல்லாம். நாசிக், சாங்லி பக்கம் பந்தலுக்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு மழையைத் தடுக்கிறார்கள். செலவு அதிகம். போட்டோவுக்கும் அழகாக இருக்காது என்பதை, வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

போகும் முன்...

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு போன் போட்டு, எந்தத் தோட்டத்தில் பழம் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். ஆற்றில் வெள்ளம் என்றால் சுருளி அருவியில் குளிக்க வனத்துறை விடாது. அதை நம்பி முழு நாளையும் ஒதுக்க வேண்டாம்.

முக்கியமான இன்னொன்று. மழைக்காலத்தில் பூஞ்சைக்காக மருந்து தெளிப்பதும் கூடும். அதில் ஒன்று, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த 'போர்டோ கலவை'. ஒயினுக்குப் பேர்போன அதே பிரெஞ்சு ஊரின் பெயர்தான். சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க விவசாயிகள் இதைப் பூசி வைத்தார்களாம். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வராததை 1880-களில் ஒரு பேராசிரியர் கவனித்ததில்தான் மருந்தே பிறந்தது. ஆகவே, பந்தலில் எட்டிப் பறித்துக் குழந்தையின் வாயில் போடும் முன் தோட்டக்காரரிடம் 'கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள்?' என்று கேளுங்கள். அவர் பறித்துத் தரும் பழத்தை வீட்டில் நன்றாக அலசிய பிறகு சாப்பிடுங்கள்.