பழைய சுங்கான்களைப் புதுக்கும் முறை

பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் உத்தியோகம் பார்த்த முன்னோரின் மேசை இலாச்சிகளிலே பழைய சுங்கான் ஒன்று கிடைத்தல் அரிதன்று. கிண்ணம் கரியேறிக் கிடக்கும், வாய்க்குழல் பாசி படிந்தாற்போற் பசுமை கலந்த கபில நிறமாய் இருக்கும், நாற்றமோ சொல்லுந்தரமன்று. பயனற்றதென வீசிவிடுவோர் பலர். அதனைப் புதுக்கும் வகையை ஈண்டுக் கூறப் புகுகின்றோம். மாணவர் இதனைப் புகைத்தற்கு அழைப்பெனக் கொள்ளற்க. முன்னோர் கைப்பட்ட பொருளைப் பேணுதலே நம் நோக்கமாகும்.

கிண்ணம் பெரும்பாலும் பிரையர் மரத்தாலானது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் வளரும் ஒருவகைச் செடியின் வேர்முண்டே அது. நெருப்பை எளிதிற் பற்றாது. பிரான்சு நாட்டுச் செயின்ற் குளோட் நகரம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இத்தொழிலுக்குப் பேர்பெற்றது. வாய்க்குழல் வல்கனைற் என்னும் வன்மையான இறப்பர். சார்ள்ஸ் குட்இயர் 1844இல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற முறைப்படி இறப்பருடன் கந்தகஞ் சேர்த்துச் சூடாக்க, அது உறுதிபெறும். வல்கனைற்றிற் கந்தகம் மிகுதி. வெயிலும் ஈரமும் நெடுங்காலம் படவே, மேற்பரப்புச் சிதைந்து கந்தகம் வெளிப்படும். நிறமாற்றமும் கசப்பும் அதனால் விளைவன.

முதலிற் குழலைக் கழற்றுக. சூடாறாத சுங்கானைக் கழற்றினால் முளை முறியும், அன்றிக் கழுத்துப் பிளக்கும். பின்னர்க் கிண்ணத்துட் படிந்த கரியைச் சுரண்டுக. முழுவதையும் நீக்கவேண்டுவதில்லை, மெல்லிய நாணயத்தின் கனத்துக்கு விடலாம். தடித்த கரிப்படை சூட்டில் மரத்தோடு ஒத்து விரியாமையாற் கிண்ணத்தையே வெடிக்கச் செய்யும். நாற்றம் போக்க, கழுத்துத் துளையைப் பஞ்சால் அடைத்து, கிண்ணத்திற் கல்லுப்பை நிரப்பி, உப்பு நனையுமளவுக்குத் தூய மதுசாரத்தைத் துளித்துளியாய் விட்டு ஓரிரவு வைத்திடுக. விடியலில் உப்புக் கபிலநிறமாயிருக்கும். மெதிலேற்றிட்ட மதுசாரம் நஞ்சாதலின் ஆகாது. சாராயமோ நீர் மிகுந்தது. மதுசாரம் வெளிப்புற மெருகிற் பட்டால் மெருகு கரையும்.

வாய்க்குழலே பொறுமையைச் சோதிப்பது. பற்குழிகள் இருப்பின் முதலில் அவற்றைக் கவனிக்க. வல்கனைற்றுக்குத் தன் பழைய வடிவை மீளப்பெறும் இயல்புண்டு. வெந்நீரிற் சிறிதுபோது பிடிக்கக் குழிகள் தாமே மேலெழும். ஆயின் அளவு மிஞ்சினால், வளைந்த குழலும் நேராய் நிமிர்ந்துவிடும், வளைத்ததும் சூட்டினாலேயாதலின். பின் 400ஆம் இலக்க அரத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, 600, 1000, 2000 என நுண்ணிய தாள்களுக்குச் செல்க. ஓரிலக்கத்தைத் தாண்டினால், முந்திய தாளின் கீறல் மெருகினூடே காட்சிதரும். குழல் கழுத்தோடு பொருந்தும் ஓரத்தைக் கடதாசி வட்டத்தாற் காத்துக்கொள்க. அவ்வோரம் வட்டமாகத் தேய்ந்தால், இரண்டும் பின்னர் இசையா. இறுதியில் மென்றுணியும் மெருகுப் பசையும் கொண்டு தேய்த்து, ஒலிவ எண்ணெய் சிறிது பூசலாம். பின் வெயில் படாத இடத்திலே வைக்கவும். அக்கிறிலிக்குக் குழல்கள் இவ்வாறு நிறம் மாறா.

நாம் முதன்முதலிற் புதுக்கியது பாட்டனாரின் சுங்கான். பளபளப்பு வேட்கையிற் கழுத்தையும் தேய்த்தோம். அதிற் பொறித்திருந்த செய்வோர் முத்திரை மறைந்தது. எந்த நாட்டிற் செய்ததென்பதை இனி எவரும் அறியார். அவர் கடித்த பற்குழிகளையும் எழுப்பி அழித்துவிட்டோம். தாயார் அதனைக் கையில் வாங்கிப் பார்த்து, “இது ஐயாவினுடையதோ?” என்றார். அன்று தொடக்கம் நம்மிடம் வருவனவற்றிற் பற்குழியை நீக்குமுன் உரியவரைக் கேட்கின்றோம். வேண்டாமென்பவரே பலர்.