தனித் தட்டு

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் பெரியோர் வாக்கு. ஆனால் எச்.ஐ.வி. என்னும் கிருமியைத் தேகத்தில் தாங்கி வாழ்கிறவர்கள் விஷயத்தில் இந்த வாக்குப் பலிப்பதில்லை. அவர்களுக்கு மருந்து ஆயுள் பரியந்தம். விருந்தோ? அவர்களை விருந்துக்கு அழைப்பவர் யார்?

சில வருஷங்களுக்கு முன் நமக்குப் பரிச்சயமான ஒரு குடும்பத்துக்குப் போயிருந்தோம். கொல்லைப்புறச் சுவரோரம் ஓர் அலுமினியத் தட்டும் தம்ளரும் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அந்த வீட்டின் மூத்த மருமகளுக்கு உரியவை அவை. கணவனிடமிருந்து கிருமியைப் பெற்று, பிறகு கணவனையும் பறிகொடுத்தவள். "மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறாயா, அம்மா?" என்று விசாரித்தோம். "மாத்திரை இறங்குகிறது; சோறுதான் இறங்கமாட்டேன் என்கிறது. எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சின ரசஞ்சாதம். அதையும் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமே!" என்றாள்.

அந்த ஒரு பதிலில் இரண்டு வியாதிகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று ஆகாரக் குறைவு, மற்றொன்று மனச்சோர்வு. எது முந்தியது, எது பிந்தியது என்று பிரித்துச் சொல்வது கடினம். மனம் சோர்ந்தவருக்குப் பசி எடுப்பதில்லை. சத்தில்லாத தேகத்தில் மனம் நிமிர்வதில்லை. இரண்டும் சேர்ந்தால் மாத்திரையும் தவறத் தொடங்குகிறது. மாத்திரை தவறினால் அடங்கிக் கிடந்த கிருமி மறுபடி தலைதூக்குகிறது.

நம் தேசத்தில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். அக்காலத்தில் இது மரண ஓலையாகவே கருதப்பட்டது. 2004 ஏப்ரல் முதல் சர்க்கார் இலவசமாகக் கூட்டு மருந்து வழங்க ஆரம்பித்தது. க்ஷயரோகத்துக்குப் பெயர் போன தாம்பரம் ஆஸ்பத்திரியும் அம்மருந்தை முதலில் வழங்கிய இடங்களில் ஒன்று. இன்று மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறவர் நீரிழிவுக்காரரைப் போலப் பல்லாண்டு வாழலாம். உயிர் பிழைத்தாயிற்று, இனி எப்படி வாழ்வது என்பதே கேள்வி.

இந்தக் கிருமி முதலில் சூறையாடும் இடங்களில் குடலும் ஒன்று. குடலின் காவல் அணுக்கள் அழிவதால் தேகத்தில் ஓர் ஓயாத அழற்சி கனன்றுகொண்டே இருக்கிறது. அவ்வழற்சி மூளையையும் தொடுகிறது. நோய்க்குறி இல்லாதபோதுகூட இவர்களுக்குச் சாதாரண ஆகாரத்தைவிடச் சுமார் 10 சதவிகிதமும், நோய் கண்டபோது 20 முதல் 30 சதவிகிதம் வரையும் அதிக உஷ்ணச் சக்தி தேவை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2003-இல் கணக்கிட்டது. நம் மருமகளுக்குக் கிடைத்ததோ மிச்சம் மீதி!

ஆப்பிரிக்காவில் டான்சானியாவின் தார்-எஸ்-ஸலாம் நகரில் 1995 முதல் ஒரு பரீக்ஷை நடந்தது. கிருமி கண்ட 1,078 கர்ப்பிணிகள் அதில் சேர்ந்தார்கள். கூட்டு மருந்து அவர்களுக்கு எட்டாத காலம் அது. ஒரு சாராருக்குப் பி, சி, ஈ ஜீவசத்து மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. அவர்களிடம் நோய் மெதுவாகவே முன்னேறியது என்று 2004-இல் வெளியாயிற்று. மனச்சோர்வும் குறைவாகவே இருந்தது என்று 2007-இல் வெளியாயிற்று. அப்படியானால் மாத்திரையை அள்ளி விழுங்கலாமா? கூடாது. கூட்டு மருந்து உண்பவர்களிடையே அதே தேசத்தில் நடந்த வேறொரு பரீக்ஷையில், மிகுந்த அளவு ஜீவசத்தினால் விசேஷ நன்மை எதுவும் விளையவில்லை. ஈரலுக்குத்தான் தொந்தரவு அறிகுறி தெரிந்தது. பரீக்ஷையையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதானே!

உகாண்டாவின் கிராமப்புறத்தில் நடந்த ஆராய்ச்சி ஒன்று இன்னும் நுட்பமானது. அடுத்த வேளைச் சோற்றுக்கு நிச்சயமில்லாத ஸ்திரீகளிடம் மனச்சோர்வு அதிகம் காணப்பட்டது. ஆனால் கைகொடுத்து உதவ மனிதர்கள் இருந்த இடத்தில், கடும் பற்றாக்குறையின் உக்கிரமும் தணிந்திருந்தது. அதாவது, சோறு மட்டுமல்ல, சோறிடும் கையும் மருந்துதான்.

இதற்கு ஐசுவரியம் வேண்டியதில்லை. கேழ்வரகுக் கூழ், பருப்பு, முருங்கைக்கீரை, வேர்க்கடலை, ஒரு முட்டை, மலிவான மத்தி மீன் ஆகியவை ஏழை வீட்டுக்கும் எட்டக்கூடியவையே. ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். இப்போது பலருக்கும் கொடுக்கப்படும் டொலுடெக்ராவிர் என்ற மருந்தை, இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுடன் வெறும் வயிற்றில் சேர்த்து உண்டால் அதன் வீரியம் குறையும். வைத்தியரைக் கேட்டு நேரம் வகுத்துக்கொள்வது உசிதம். நல்ல ஆகாரம் மருந்துக்குத் துணையேயன்றி மருந்துக்குப் பதில் ஆகாது. மனச்சோர்வு முற்றினால் அதற்கென்று உள்ள வைத்தியரிடம் போவதில் வெட்கமும் வேண்டாம்.

தட்டாலும் தம்ளராலும் இந்தக் கிருமி பரவாது. 2018-இல் அமலுக்கு வந்த சட்டம், குடும்பத்தோடு ஒரே வீட்டில் பாரபட்சமின்றி வசிக்கும் உரிமையையும் இவர்களுக்கு அளித்திருக்கிறது. ஆனால் அடுப்பங்கரை வரையில் எந்தப் போலீஸ்காரர் வந்து பார்ப்பார்? குஷ்டரோகியான பர்ச்சுரே சாஸ்திரியை சேவாகிராமத்தில் தம்மருகே வைத்துக்கொண்டு, தம் கையாலேயே தேகத்தைப் பிடித்துவிட்டார் காந்தி மகான். தீண்டாமையை ஒழித்தோம் என்று பெருமை பேசும் நாம், அதைக் கொல்லைப்புறத்தில் ஒரு தட்டாகக் கவிழ்த்து வைத்திருக்கலாமா?

அந்தத் தட்டை உள்ளே கொண்டுவந்து மற்றத் தட்டுகளோடு அடுக்குவோம். சிகிச்சை அங்கேதான் பூர்த்தியாகிறது.