மல்லாட்டையிலிருந்து ஒரு பாடத்திட்டம்

ஆறாம் வகுப்புக்குப் போனதும் நம் பிள்ளைகளின் படிப்பு மாறிவிடுகிறது. மணி அடிக்கும்போதெல்லாம் வேறு ஆசிரியர், வேறு புத்தகம். காலையில் படித்த அறிவியலுக்கும் மதியம் போட்ட கணக்குக்கும் என்ன தொடர்பு என்று யாரும் சொல்வதில்லை. "இதை ஏன் படிக்கணும்?" என்ற கேள்வி 11 முதல் 14 வயதுக்குள் எழுவதில் வியப்பில்லை. ஒரு கருப்பொருளை நடுவில் வைத்து, அதைச் சுற்றிப் பல பாடங்களை இணைத்துக் கற்பிக்கும் முறை இந்தக் கேள்விக்கு ஒரு விடை.

நம் நாட்டில் இதற்கு 1937ஆம் ஆண்டிலேயே ஒரு வரைவு உண்டு. வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் நடந்த கல்வி மாநாடு, ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரானவர் இவர். 7 முதல் 14 வயது வரையிலான கல்வியை, கைத்தொழில், இயற்கைச் சூழல், சமூகச் சூழல் என்ற மூன்று மையங்களோடு பிணைக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது.

நம் ஊரில் எப்படி?

விழுப்புரம், திண்டிவனம் பகுதிப் பள்ளிகளுக்கு வேர்க்கடலையை விடப் பொருத்தமான கருப்பொருள் கிடைப்பது அரிது. இங்கே அதன் பெயர் மல்லாட்டை. 'மணிலாக்கொட்டை' மருவி வந்த இந்தச் சொல்லே ஒரு மொழிப் பாடம். தென் அமெரிக்காவில் தோன்றிய பயிருக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டு நகரத்தின் பெயர் எப்படி ஒட்டியது என்று தேடினால் உலக வரைபடமும் கடல் வணிகமும் வந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சுக்குக் கடலை ஏற்றுமதியான கதை வரலாற்றுப் பாடம்.

பூ மேலே பூக்கிறது, காயோ மண்ணுக்குள் விளைகிறது. விழுது இறங்குவதைப் பிள்ளைகள் நேரில் பார்த்து, நாள்தோறும் அளந்து எழுதலாம். வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்குத் தருவது அறிவியல். பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய் என்றால், செக்கில் ஏன் அவ்வளவு கிடைப்பதில்லை? இது விழுக்காட்டுக் கணக்கு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எடையும் விலையும் எப்படி முடிவாகின்றன என்பது பொருளியலும் குடிமையியலும்.

திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்று தொடங்கும் ரகப் பெயர்கள் இந்த ஊரைக் குறிப்பவையே. 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 பிற மாநிலங்களிலும் பயிரானது. நம் ஊர்ப் பெயர் இந்தியா முழுவதும் விதை மூட்டையில் போயிருக்கிறது என்பதை எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்?

வடிவமைக்கும் முறை

முதல் வேலை, பிள்ளைகளின் கேள்விகளைத் திரட்டுவது. தங்களைப் பற்றிய கேள்விகளும் உலகைப் பற்றிய கேள்விகளும் சந்திக்கும் இடத்தில்தான் நல்ல கருப்பொருள் பிறக்கும் என்பார் அமெரிக்கக் கல்வியாளர் ஜேம்ஸ் பீன். அடுத்து, ஒவ்வொரு ஆசிரியரும் எந்தக் கேள்விக்குத் தம் புத்தகத்தின் எந்தப் பாடம் விடை தரும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அப்போது தேர்வுக்கான பகுதி விடுபடாது. பெற்றோரின் கவலையும் தீரும்.

மூன்றாவது காலக்கணக்கு. ஜூன் இறுதியில் விதைத்தால், 105 நாள் பயிரை அக்டோபர் தொடக்கத்தில் பறிக்கலாம். முடிவில் பிள்ளைகள் தங்கள் குறிப்பேடுகளையும் கணக்குகளையும் ஊர் விவசாயிகள் முன் விளக்கட்டும். அதுவே நல்ல மதிப்பீடு.

எல்லாப் பாடத்தையும் வலிந்து இழுக்கக் கூடாது. மல்லாட்டையோடு ஒட்டாத வடிவியலைத் தனியாக நடத்துவதே நேர்மை.

ஓர் எச்சரிக்கை

1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம், மீதி நேரத்தில் பிள்ளைகளைக் குடும்பத் தொழிலுக்கு அனுப்பியது. 'குலக்கல்வி' என்று எதிர்ப்பு கிளம்ப, அடுத்த ஆண்டு காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. தொழிலைக் கல்வியோடு இணைக்கும் எவரும் இதை மறக்கக் கூடாது. கூலி வேலை செய்பவரின் மகளும் கடைக்காரரின் மகனும் ஒரே பாத்தியில் ஒரே அளவுகோலோடு உட்கார வேண்டும். அவள் வீட்டார் செய்யும் வேலையிலிருந்து உயிரியலுக்கும் வணிகத்துக்கும் உலக வரைபடத்துக்கும் வழி திறக்க வேண்டும். அந்த வேலையிலேயே அவளைக் கட்டிப்போடும் பாடத்திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

நம் ஜமாஅத்துகள் நடத்தும் பள்ளிகள் இதை ஒரு வகுப்பில், இரண்டு ஆசிரியர்களோடு, ஆண்டுக்கு ஒரு கருப்பொருள் என்று தொடங்கிப் பார்க்கலாம். தேவைப்படுவது சிறிது நிலமும், ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேச ஒரு மணி நேரமும்தான்.