தரையில் சொட்டும் வேர்வை

மாலை 7 மணி. தகரக் கூரை போட்ட ஷட்டில் கோர்ட். காக் திசைமாறிவிடும் என்று ஃபேன்களை நிறுத்தி, கதவையும் சாத்திவிட்டார்கள். மூன்றாவது கேமில் டி-ஷர்ட்டைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டுகிறது. வழுக்காமல் இருக்கத் தரையைத் துடைக்கிறார்கள். "நல்லா வேர்க்கட்டும், கொழுப்பு கரையும்" என்கிறார் ஒருவர்.

சென்னையில் அலுவலகம் முடிந்து ஆட வரும் எவருக்கும் இது பழகிய காட்சி. நாற்காலியிலேயே நாள் கழியும் ஊரில் இப்படி ஆட வருவது நல்ல பழக்கம், விடக்கூடாத பழக்கம். ஆனால் துடைத்தெடுக்கும் அந்த வேர்வை, உடம்புக்குப் பயன்படாமல் போன வேர்வை.

ஓடியாடும்போது தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழக் கால் பங்குதான் அசைவாகிறது. மீதியெல்லாம் சூடு. தோலில் 1 லிட்டர் வேர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூடு வெளியேறும். சொட்டிக் கீழே விழுந்தாலோ அந்தப் பலன் இல்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் வேர்வை எளிதில் ஆவியாகாது. கொடியில் போட்ட துணி காயாத நாளில் உடம்பும் காயாது.

நாம் வெயிலுக்குப் பயப்படுகிறோம்; புழுக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கடலோரத்தில் வெப்பநிலை 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் வானிலைத் துறை வெப்ப அலை என்கிறது. அதற்குக் கீழே இருக்கும் புழுக்கமான நாளிலும், வேகமாக ஓடுகிறவருக்கு வெப்பத்தாக்கு வரலாம். விடியற்காலையில் ஓடினால் பயமில்லை என்பதும் பாதி உண்மைதான். வெயில் இராது, ஆனால் ஒரு நாளில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் உச்சத்தில் இருப்பது அந்த நேரத்தில்தான்.

உடலின் உள்வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்கினால் அது வெப்பத்தாக்கு. வேர்வை நின்று தோல் வறண்டால்தான் ஆபத்து என்று பலர் நம்புகிறார்கள். உழைப்பால் வரும் வெப்பத்தாக்கில் வேர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். பார்க்க வேண்டியது ஆளின் போக்கை: ஸ்கோரை மாற்றிச் சொல்கிறாரா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா, கால் தள்ளாடுகிறதா, பேச்சு குழறுகிறதா?

அப்படியென்றால் முதலில் உடம்பைக் குளிர வையுங்கள், பிறகு ஆஸ்பத்திரி. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் அவரைத் தொட்டியில் ஐஸ் தண்ணீருக்குள், தலை மூழ்காமல் பிடித்துக்கொண்டு, கழுத்துவரை அமர்த்த வேண்டும். தொட்டி இல்லையா? குழாய்த் தண்ணீரை விடாமல் ஊற்றி, ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை மாற்றி மாற்றிப் போர்த்துங்கள். அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்க வேண்டும். நினைவு தடுமாறுகிறவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது. அமெரிக்காவின் ஃபால்மத் ஓட்டப் பந்தயத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு இந்த வெப்பத்தாக்கு வந்தது. பந்தயத் திடலிலேயே குளிர்நீரில் அமர்த்தினார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

வராமல் தடுப்பது இன்னும் எளிது. ஏசி அறையில் இருந்து பழகிய உடம்பு புழுக்கத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை நேரத்தையும் வேகத்தையும் குறையுங்கள். காய்ச்சல் விட்ட மறுநாளோ, தூங்காத இரவுக்கும் மது குடித்த இரவுக்கும் அடுத்த நாளோ ஆட வேண்டாம். ஒவ்வொரு கேமுக்கு இடையிலும் கதவைத் திறந்து ஃபேனுக்கடியில் உட்காருங்கள். தாகத்துக்குத் தண்ணீரோ உப்பு போட்ட மோரோ குடியுங்கள். அளவுக்கு மீறிய தண்ணீரும் ஆபத்துதான்: 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது, ஓடும்போதே எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடம் அது அதிகம்.

அடுத்த முறை கோர்ட்டுக்குப் பணம் கட்டும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே ஐஸும் ஓர் ஆள் உட்காரும் தொட்டியும் இருக்கின்றனவா? இல்லை என்றால், வாங்கி வைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.