எந்த உண்ணிக் காய்ச்சல்?

நாலுகால் நோயாளிகள் – 9

நாய் இரண்டு நாளாகச் சோற்றைத் தொடவில்லை. உடம்பு கொதிக்கிறது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடக்கிறது. மூத்திரம் கடுங்காபி நிறத்தில் போகிறது. காது மடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணிகள். டாக்டர் பார்த்துவிட்டு ‘டிக் ஃபீவர்’ என்கிறார். டாக்சிசைக்ளின் மாத்திரை தொடங்குகிறது. தமிழ்நாட்டில் நாய் வளர்ப்பவர்களில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. சில நாய்கள் ஒரு வாரத்தில் எழுந்து ஓடுகின்றன. சில நாய்கள் அதே மாத்திரையை ஒரு வேளை தவறாமல் தின்றும் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போகின்றன. ஏன்?

டிக் ஃபீவர் என்பது ஒரு நோய் அல்ல என்பதுதான் காரணம். சென்ற வாரம் பார்த்த பழுப்பு நாய் உண்ணி, ஒரே கடியில் பல கிருமிகளை இறக்கக்கூடியது. எர்லிக்கியா கேனிஸ் என்பது பாக்டீரியா. வெள்ளணுக்களுக்குள் குடியிருக்கும். டாக்சிசைக்ளினுக்குக் கட்டுப்படும். பாபேசியா அப்படியல்ல. அது மலேரியாக் கிருமியின் தூரத்துச் சொந்தம். சிவப்பணுவுக்குள் புகுந்து, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியேறும் ஒட்டுண்ணி. ஈறு வெளுப்பதும் மூத்திரம் கருப்பதும் அதனால்தான். இரண்டு நோயிலும் காய்ச்சல் வரும், பிளேட்லெட் எண்ணிக்கை விழும், மண்ணீரல் வீங்கும். வெறும் ரத்தப் பரிசோதனை எண்களை வைத்துப் பிரித்தறிவது கடினம். ஒரே நாய்க்கு இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு.

பாபேசியாவுக்குள்ளேயே இரண்டு வகை நம்மூர் நாய்களைப் படுத்துகின்றன. பெரியது வோகெலி. சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவில் ஜோடியாகத் தெரியும். இமிடோகார்ப் ஊசிக்குப் பெரும்பாலும் அடங்கிவிடும். சிறியது கிப்சோனி. அந்த ஊசி இதை முழுதாக ஒழிப்பதில்லை. அடோவகோன், அசித்ரோமைசின் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துப் பத்து நாள் கொடுக்கும் சிகிச்சைதான் இன்று முதன்மையானது. மருந்து வேறு, செலவு வேறு, நாயின் எதிர்காலமும் வேறு. எது இருக்கிறது என்று தெரியாமல் தொடங்கும் சிகிச்சையில் நாயின் உயிர் அதிர்ஷ்டத்தை நம்பி நிற்கிறது.

இந்தக் கிப்சோனி உலகுக்கு அறிமுகமானதே சென்னையில்தான். அந்தக் கால மதராஸில் ஆங்கிலேயர்கள் ‘மெட்ராஸ் ஹண்ட்’ என்ற வேட்டைக் குழுவை வைத்திருந்தார்கள். அதன் வேட்டை நாய்களின் ரத்தத்தில் அதுவரை யாரும் விவரிக்காத ஒட்டுண்ணி ஒன்றை வால்டர் ஸ்காட் பாட்டன் கண்டார். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் அவர். 1910-இல் வெளியான அறிக்கையில் பாட்டன் இன்னொன்றையும் சொன்னார்: இதே ஒட்டுண்ணி நம் நரிகளின் ரத்தத்திலும் இருக்கிறது. இந்தத் தகவல்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. இந்த மண்ணின் நரியும் உண்ணியும் ஒட்டுண்ணியும் நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்திருக்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் வேட்டை நாய்கள் வந்து சேர்ந்தபோதுதான் அது மனிதர் கண்ணில் பட்டது.

பாட்டனுக்கு இருந்த கருவி நுண்ணோக்கி. நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் அதுவேதான் கருவி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். காது நுனியைக் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி, பழகிய கண் கொண்ட ஒருவர் பொறுமையாகப் பார்த்தால், நோய் முற்றியிருக்கும்போது சில நிமிடங்களில் விடை கிடைக்கும். ஆனால் கிப்சோனி மிகச் சிறியது. ஒன்று முதல் மூன்று மைக்ரான் வரைதான் இருக்கும். நோய் நாட்பட்டுவிட்டாலோ ஒட்டுண்ணி ரத்தத்தில் அரிதாகிவிடும். தகடு முழுக்கத் தேடியும் ஒன்றும் அகப்படாது. ‘ஸ்மியர் நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட் வரும். நாய்க்கு நோய் இருக்கும்.

இந்த இடத்தில்தான் பிசிஆர் வருகிறது. கொரோனாக் காலத்துக்குப் பிறகு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. அன்று நம் மூக்கில் தேடியதை இங்கே நாயின் ரத்தத்தில் தேடுகிறார்கள். 1983-இல் கேரி முல்லிஸ் கண்டுபிடித்து, பத்தாண்டு கழித்து அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த முறை இது. ரத்தத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து ஏறக்குறைய 95 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் இரண்டு இழைகளும் பிரியும். வெப்பத்தைக் குறைத்தால், நாம் சேர்த்திருக்கும் ‘பிரைமர்’ என்ற சிறு துண்டுகள் தங்களுக்குப் பொருந்தும் இடத்தில் போய் ஒட்டும். 72 டிகிரியில், வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து கிடைத்த நொதி, அங்கிருந்து புது இழையைக் கட்டும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். முப்பது சுற்று முடிந்தால், கணக்குப்படி ஒரு துண்டு நூறு கோடிக்கு மேல் ஆகியிருக்கும். ஒட்டுண்ணியின் டிஎன்ஏ இல்லையென்றால் பிரைமர் ஒட்ட இடமில்லை, பெருக்கமும் இல்லை.

பிரைமரைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. பெரும்பாலும் 18எஸ் என்ற மரபணுவைக் குறிவைக்கிறார்கள். அது நாய்க்கும் உண்டு, ஒட்டுண்ணிக்கும் உண்டு. ஆகவே நாயினுடையதை விட்டுவிட்டு ஒட்டுண்ணியினுடையதை மட்டும் பிடிக்கிற, அதிலும் வோகெலிக்கும் கிப்சோனிக்கும் வேறுபடுகிற பகுதியைப் பார்த்து அமைக்க வேண்டும். அப்படிச் சரியாக அமைத்த ஒரு சோதனை, ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 ஒட்டுண்ணிகள் இருந்தாலே கண்டுபிடித்துவிடும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினார்கள். அதே ஒரு மில்லிலிட்டரில் நாயின் சிவப்பணுக்கள் 500 கோடிக்கு மேல்!

இந்தச் சோதனை பழைய பெயர்ப் பட்டியலையே கலைத்துப் போட்டது. நாய் ரத்தத்தில் சிறிய பாபேசியா எது தெரிந்தாலும் கிப்சோனி என்று எழுதிவிடுவது நெடுநாள் வழக்கம். கலிஃபோர்னியா நாய்களில் 1991-இல் கண்டதையும் அப்படித்தான் எழுதினார்கள். மரபணுவைப் படித்தபோது அது தனி இனம் என்று தெரிந்தது. 2006-இல் ‘பாபேசியா கொன்ராடே’ என்று பெயர் பெற்றது. நுண்ணோக்கியின் கீழ் ஒன்றுபோலத் தெரிந்தவை ரத்த உறவில் வெகு தொலைவில் இருந்தன.

நாய் வளர்ப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது, ரத்தம் எடுக்கும் நேரம். மருந்து உள்ளே போனபிறகு ஒட்டுண்ணி குறைந்துவிடும், சோதனை தவறவிடலாம். ரிப்போர்ட் வர நாளாகும் என்பது உண்மை. அதுவரை சிகிச்சையை நிறுத்திவைக்கச் சொல்லவில்லை. முதலில் ரத்தத்தை எடுத்து வையுங்கள், பிறகு ஊசி போடட்டும் என்றுதான் டாக்டரிடம் கேட்கச் சொல்கிறேன். ரத்தம் ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில் போக வேண்டும். ஹெப்பாரின் கலந்த பச்சை மூடிக் குழாய் ஆகாது. ஹெப்பாரின் பிசிஆரின் நொதியையே முடக்கும்.

பாசிட்டிவ் என்றால் ஒட்டுண்ணியின் டிஎன்ஏ இருக்கிறது. நெகட்டிவ் என்றால் அந்தக் குழாயில் இருந்த ரத்தத்தில் அகப்படவில்லை, அவ்வளவுதான். கிப்சோனி தொற்றிய நாய் தேறிய பின்பும் அதை வாழ்நாள் முழுக்கச் சுமக்கக்கூடும். ரத்தத்தில் அது சில வாரம் தலைகாட்டும், சில வாரம் ஒளிந்துகொள்ளும். அதனால் சிகிச்சை முடிந்து 60-ஆம் நாளும் 90-ஆம் நாளும் என இரண்டு முறை பிசிஆர் செய்து, இரண்டும் நெகட்டிவ் ஆனால்தான் தேறியதாகக் கொள்கிறார்கள். எதிர்ப்புரதம் பார்க்கும் சோதனை இந்த வேலைக்கு உதவாது. நோய் போனபின்பும் எதிர்ப்புரதம் பல மாதம் ரத்தத்தில் தங்கியிருக்கும்.

நலமாகத் தெரியும் நாயைச் சோதிப்பது வீண் செலவு என்று நினைப்பவர்கள் ரத்ததானத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ரத்தம் குறைந்து சாகக் கிடக்கும் நாய்க்கு இன்னொரு நாயின் ரத்தம் ஏற்றுகிறோம். கொடுக்கும் நாய் கிப்சோனியைச் சுமந்துகொண்டிருந்தால், உயிர் காக்க ஏற்றிய ரத்தமே நோயையும் ஏற்றிவிடும். உண்ணியே இல்லாமலும் இது பரவும். அமெரிக்காவில் பிட்புல் நாய்கள் சண்டையில் கடித்துக்கொண்டே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரப்பியிருக்கின்றன. தாயின் வயிற்றிலேயே குட்டிக்கும் போகிறது. ஆகவே தானம் கொடுக்கும் ஒவ்வொரு நாய்க்கும், இனவிருத்திக்கு விடும் ஒவ்வொரு சிப்பிப்பாறைக்கும் ராஜபாளையத்துக்கும், இந்தச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் பிசிஆர் இயந்திரம் இருக்கும் ஊர்கள் எத்தனை? சிறிய ஊரின் கால்நடை மருந்தகத்துக்கு 95 டிகிரியும் 72 டிகிரியும் மாறி மாறி ஓட்டும் இயந்திரம் எட்டாக்கனி. ஏறக்குறைய 65 டிகிரி என்ற ஒரே வெப்பநிலையில், ஒரு வெந்நீர்த் தொட்டியை வைத்தே டிஎன்ஏவைப் பெருக்கும் ‘லேம்ப்’ என்ற முறையை ஜப்பானியர்கள் 2000-இல் வெளியிட்டார்கள். கிப்சோனிக்கும் அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)